வளைவில் நின்ற பெரியவர்

வரையாட்டைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேருக்கு வரையாடு வேண்டாம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் கேள்வி, புலி எங்கே இருக்கும்? அடுத்த கேள்வி, பாத்ரூம் எங்கே இருக்கிறது? அதற்கும் அடுத்ததாக யானை. இந்தத் தேசியப் பூங்காவில் பதினொரு வருடமாகத் தினக்கூலிக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். வழிகாட்டி என்பது பேருக்குத்தான். பாறையோரம் நின்றுகொண்டு தமிழிலும் மலையாளத்திலும் அரைகுறை இந்தியிலும், தொடாதீங்க, தீனி போடாதீங்க, ரோட்டை விட்டு இறங்காதீங்க என்று கத்துவதுதான் வேலை. ஆடு பாட்டுக்குப் பக்கத்தில் வந்து புல் மேயும். அதற்கு மனிதர்கள் மேல் இருந்த பயம் விட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது. குட்டி போடும் மாதங்களில் பூங்காவை மூடிவிடுவார்கள், அப்போதுதான் என் தொண்டைக்கு ஓய்வு. குறிஞ்சி எப்போது பூக்கும் என்று கேட்பவர்களுக்குப் பன்னிரண்டு வருடக் கணக்கைச் சொல்லிச் சொல்லி அந்தப் பூவின் மேலேயே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

என் கணவரும் அப்படி வந்தவர்தான். முதலமடைக்காரர். மாம்பழ சீசனில் லாரி ஓட்டுவார், மற்ற மாதங்களில் பொள்ளாச்சியிலிருந்து டூரிஸ்ட் வேன். ஒருநாள் வேன் ஆட்களை மேலே அனுப்பிவிட்டு என்னிடம் வந்து நின்றார்.

"ஏனுங்க, இதுக்கு வரையாடுன்னு எதுக்குங்க பேரு வெச்சாங்க? மேல ஒரு வரையுங் காணமுங்களே?"

மலையாளத்தில் வரை என்றால் கோடு. பாலக்காட்டுப் பக்கத்து ஆள், அந்த நினைப்பில் கேட்கிறார். "வரைன்னா மலைங்க. மலையாடு" என்றேன்.

"அப்ப மலையாடுன்னே சொல்லிப் போட்டாத் தீந்துதுங்களே" என்று சிரித்தார். அடுத்த வாரமும் வேனோடு வந்தார், அதற்கடுத்த வாரமும். இப்படி வார்த்தைக்கு வார்த்தை விளக்கம் கேட்ட மனிதர், கேட்டிருக்க வேண்டிய ஒரு வார்த்தையைக் கேட்காமலே போய்விட்டார்.

அப்பா தேயிலை எஸ்டேட் பாக்டரியில் வேலை பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் வரிசை. மகள் ஓர் இந்துப் பையனை ரிஜிஸ்தர் ஆபீஸில் கட்டிக்கொண்டதை அவரால் செரிக்க முடியவில்லை. என்னோடு பேச்சை விடவில்லை, என் கணவரோடு மட்டும் பேச்சில்லை. மூன்று வருடம். நாங்கள் எஸ்டேட் முக்கில் ஒரு கடைக்குப் பின்னால் வாடகை அறையில் இருந்தோம். கடைத்தெருவிலிருந்து எங்கள் முக்குக்கு வரும் ரோட்டில் ஒரு வளைவு, அங்கே ஒரு வெயிட்டிங் ஷெட். ஷிப்ட் முடிந்து அப்பா அங்கேதான் பஸ்ஸுக்கு உட்கார்ந்திருப்பார். இவர் பைக்கில் வரும்போது ஷெட் பக்கம் வேகத்தைக் குறைப்பார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மாமா என்று கூப்பிட இவருக்கு ஆசை. கூப்பிட உரிமை கிடைக்கவில்லையே. அதனால் என்னிடம் பேசும்போது அப்பாவைப் 'பெரியவரு' என்பார். "பெரியவரு இன்னைக்கும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு அம்மிணி." சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அது அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. தகப்பன் முகம் தெரியாமல் வளர்ந்தவர். அப்பா ஒரே ஒருதரம் 'வாங்க' என்று சொன்னால் போதும் என்பார். போன மாசியில் அப்பா என்னிடம், "அவன் எப்ப ஊருக்கு வாரான்?" என்று கேட்டார். அவன் என்றுதான் சொன்னார், இருந்தாலும் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உடனே இவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அன்றிரவு முழுக்க இவர் தூங்கவில்லையாம்.

எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், யானையை யானை என்று சொல்லமாட்டோம். பேரைச் சொன்னால் வந்து நிற்கும் என்று பயம். பெரியவர் என்போம். பெரியவர் கீழ வந்திருக்காரு, பெரியவர் வாழையச் சாச்சுட்டாரு. பூங்காவில் சம்பளத்துக்கு நின்று பேசும்போது ஒரு நாளைக்கு நூறு தடவை யானை என்று கூசாமல் சொல்வேன். பயம் வந்தால் வாய் தானாக லயத்துப் பேச்சுக்குப் போய்விடும். இவர் எங்களோடு இருந்தது மாதத்தில் நாலைந்து நாள். அந்த வழக்கத்தை யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் வழிகாட்டுகிறவள்.

பூங்கா திறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. புதுக்குட்டிகளைப் பார்க்கக் கூட்டமான கூட்டம். நாலு மணிக்கு வேலை முடிந்து ஜீப்பில் திரும்பிக்கொண்டிருந்தேன். மழை வருகிற மாதிரி மூட்டம் இறங்கியிருந்தது. ஆளில்லாத ஷெட்டைத் தாண்டி, வளைவில், பாதி மூட்டத்துக்குள் ஒற்றை ஆண்யானை நின்றது. டிரைவர் சத்தம் போடாமல் ரிவர்ஸ் எடுத்து எங்களைப் பாக்டரி கேட்டில் இறக்கிவிட்டார். நான் கொழுந்துக்காட்டு வழியாகக் குறுக்கே ஏறினேன். மேலே போய்த்தான் சிக்னல் கிடைத்தது. உடனே இவருக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, எங்க வந்துட்டு இருக்கீங்க?"

"கடைத்தெருவத் தாண்டிட்டேன் அம்மிணி. உனக்குப் பழம் கொண்டாந்திருக்கேன்."

"ஷெட்டுகிட்ட வளைவுல பெரியவர் நிக்காரு. பாத்து வாங்க."

பைக்கை நிறுத்துவது கேட்டது. பிறகு, "நெசமாவா?" என்றார்.

"நெசந்தான். என் கண்ணால பாத்தேன்."

"செரி அம்மிணி. பாத்துட்டே வாரேன்."

குரல் உடைந்திருந்தது. பயந்துவிட்டார், ஜாக்கிரதையாக வருவார் என்று நினைத்து நிம்மதியாகப் போனை வைத்தேன். அறைக்கு வந்து அடுப்பில் டீக்குத் தண்ணீர்கூட வைத்தேன்.

அவரை ஷெட்டிலிருந்து பத்தடி தள்ளிக் கிடத்தியிருந்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. பூங்காவுக்கு வந்த இரண்டு கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஊருக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. வெளியூர்க்காரன், யானையோடு போட்டோ எடுக்கப் போயிருப்பான் என்றார்கள். துக்கத்துக்கு வந்தவர்களே வாசலில் நின்று அப்படிப் பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டூரிஸ்டுகளின் கிறுக்குத்தனத்தையெல்லாம் என்னைவிட அதிகமாகத் திட்டியவர் அவர்.

மூன்றாம் நாள் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருத்தி வந்தாள். அன்றைக்கு எதிர்ச்சரிவில் நின்றவள். என் கையைப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"நான் கத்துனேன் தாயி. காத்துல கேக்கல. பைக்க ஓரமா ஸ்டாண்டு போட்டு நிறுத்துனாவ. தலையச் சீவுனாவ. மடிச்சுக் கெட்டியிருந்த வேட்டிய எறக்கி விட்டுட்டு, பழப்பைய ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு மூட்டத்துக்குள்ள நடந்தாவ. யாரோ பெரியவங்களப் பாக்கப் போற மாதிரில்லா போனாவ."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பார்த்து வாருங்கள் என்றுதான் நான் சொன்னேன். அவர் பார்த்துவிட்டுத்தான் வருவதாகச் சொன்னார். மூன்று வருடத்துக்குப் பிறகு என் அப்பா தனக்காக ரோட்டில் வந்து நிற்கிறார் என்று அந்த மனிதர் நம்பிவிட்டார். நெசமாவா என்று கேட்டாரே, அது சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைத்தான் நான் பயம் என்று நினைத்தேன்.

அப்பா இப்போது தினமும் வருகிறார். வந்து, என் கணவர் உட்காரும் நாற்காலியைத் தவிர்த்துக் கட்டில் ஓரத்தில் உட்கார்வார். பதினாறு முடிந்த மறுநாள் கேட்டார்.

"நீ ஜீப்புல வரும்போதே பாத்தவதானம்மா. அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லலையா?"

அப்பாவின் பேச்சில் 'அவன்' 'அவர்' ஆகியிருந்தது. உண்மையைச் சொன்னால் இவர் போட்டோ எடுக்கப் போன முட்டாள் இல்லை என்று ஊருக்குத் தெரியும். கூடவே, யாரைப் பார்க்க அப்படித் தலை சீவிக்கொண்டு போனார் என்பது அப்பாவுக்கும் தெரியும். அறுபதை நெருங்கும் மனிதர். அதைத் தெரிந்துகொண்டு அவர் எப்படி மிச்ச நாளைக் கழிப்பார்? செத்தவரின் பேரைக் காப்பாற்றுவதா, இருப்பவரின் உயிரைக் காப்பாற்றுவதா என்று ஒரு நிமிடம்தான் யோசித்தேன்.

"போட்டேன்ப்பா. சிக்னல் கெடைக்கல."

அப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் போன பிறகு என் போனிலிருந்து அந்த அழைப்பை அழித்தேன்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே வேலை. ஷெட் பக்கத்தில் டவர் வேண்டும் என்று கலெக்டருக்கு மனு எழுதி, முட்டி வலியோடு லயம் லயமாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்குகிறார். டவர் வந்தாலும் ஒன்றுதான் எனக்கு, வராவிட்டாலும் ஒன்றுதான். போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போகாமல் நேரே என்னிடம் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். 'போன் கிடைத்திருந்தால் என் அருமை மருமகன் அந்த வழியே வந்திருக்க மாட்டார்.'

"சரியா எழுதியிருக்கனாம்மா?" என்றார்.

"சரியாத்தான் இருக்குப்பா" என்று சொல்லி, அவர் விரலால் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.