பிடித்துக்கொண்ட கம்பி

என் மாமியார் முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தவர். தூக்கும்போது விறைத்துக்கொள்ளும் நோயாளிகளை, "உதவி பண்றேன்னு உயிரை வாங்காதீங்க. உடம்ப விடுங்க, நான் பிடிச்சிருக்கேன்" என்று அதட்டுவார்.

"இத்தனை பேரைக் கழுவி விட்டிருக்கேன். அதுக்காகவாவது ஆண்டவர் என்னைச் சேர்த்துக்க மாட்டாரா?" என்றும் அடிக்கடி கேட்பார்.

ஒரு பக்கம் வாதம் வந்து அவரே படுத்தார். குளிப்பாட்ட நான் தூக்கும்போதெல்லாம், நல்ல கையால் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் இரண்டு பேரும் விழப் பார்த்தோம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அத்தை, கம்பிய விடுங்க! நான்தான் பிடிச்சிருக்கேன்ல?"

என்னையே பார்த்தார். கண் கலங்கியது.

"கழுவிவிட்ட கணக்கையே பிடிச்சுக்கிட்டு, ஆண்டவர்கிட்டயும் இப்படித்தான் விறைச்சுக்கிட்டே இருந்திருக்கேன்" என்றார்.

கம்பியை விட்டார். அவருடைய முழுக் கனமும் என் தோளில் வந்து சாய்ந்தது.