பால் பவுடர் வீட்டுப்பாடம்

பள்ளிக்கூடத்தில் அவருக்கு 'மெதுவா டீச்சர்' என்று பெயர். வேதியியல் ஆய்வகத்தில் யார் எதைத் தூக்கினாலும் இரண்டடி பின்னால் நின்று "மெதுவா, மெதுவா" என்பார். அமிலம், மின்சாரம், தெருநாய், தலைமையாசிரியை, எதிர்பாராத நேரத்தில் அடிக்கும் போன் என்று எல்லாவற்றுக்கும் பயம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார்.

"அக்கா, நீ பயப்படாத ஒரே சாமான் சாக்பீஸ்தான்" என்று தங்கை கிண்டல் செய்வாள். தங்கையின் கணவனுக்கு வெளியூரில் வேலை. கைக்குழந்தையோடு அவள் அக்கா வீட்டில்தான் இருந்தாள்.

பாடம் நடத்துவதில் டீச்சர் சுமார். அவரிடம் படித்த எந்தப் பிள்ளையும் கையைச் சுட்டுக்கொண்டதில்லை என்பதை வேண்டுமானால் அவர் கணக்கில் வரவு வைக்கலாம். ஆனால் சமநிலை என்ற ஒரு பாடத்தை மட்டும் அவர் நன்றாகவே நடத்தினார்.

வாய் உருக்கி அடைத்த கண்ணாடிக் குழாய். உள்ளே பழுப்பு வாயு. வெந்நீரில் இறக்கினால் பழுப்பு கறுத்துக்கொண்டு வரும், பனிக்கட்டியில் வைத்தால் வெளுத்துப்போகும். சற்றுப் பொறுத்தால் ஏதோ ஒரு நிறத்தில் நின்றுவிடும். "நின்னுடுச்சுன்னு நினைக்காதீங்க. உள்ள ரெண்டு பக்கமும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. போறதும் வர்றதும் சமம், அதான் நமக்குத் தெரியல. நாம குலைச்சா, அந்தக் குலைவு எந்தப் பக்கம் குறையுமோ அந்தப் பக்கமாத்தான் அது நகரும்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பயம் இருக்காது. உலகத்தில் தானே சரியாகிக்கொள்கிற ஒன்று இருக்கிறது என்பது அவருக்கு ஆறுதல்.

பொருளாதார ஆசிரியர் நீண்ட விடுப்பில் போனபோது தலைமையாசிரியை இவரைக் கூப்பிட்டார். "அங்கேயும் சமநிலைதான் டீச்சர் பாடம். பேருகூட மாறல. நீங்களே எடுத்துருங்க." முடியாது என்று சொல்லப் பயந்து சரி என்றார்.

வகுப்பில் தேவைக்கு ஒரு கோடும் அளிப்புக்கு ஒரு கோடும் வரைந்தார். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் சமநிலை விலை என்றார். வரத்து குறைந்தால் விலை ஏறும், விலை ஏறினால் வாங்குவோர் பின்வாங்குவார்கள், புதிய இடத்தில் எல்லாம் அமைதியாகும். குழாயும் சந்தையும் ஒன்றுதான் என்று அவர் மனதாரவே நம்பினார்.

வேதியியல்காரர் என்பதால் அளவெடுக்காமல் ஒரு கோட்டை நம்ப அவரால் முடியவில்லை. அதனால் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். ஒவ்வொருவரும் வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் ஒரு கேள்வி கேட்டு வர வேண்டும். எந்தப் பொருளைச் சொல்வது என்று யோசித்தபோது, காலையில் தங்கை "பாப்பா பால் டின் தீரப்போகுதுக்கா" என்றது நாக்கில் நின்றது. எல்லா வீட்டிலும் டீக்குப் போடுகிற சாமான்தானே என்றும் தோன்றியது.

"அடுத்த வாரம் பால் பவுடர் வரத்து பாதியாயிட்டா, எந்த விலைக்கு எத்தனை டின் வாங்குவீங்க? இதுதான் கேள்வி."

பிள்ளைகள் கேட்டார்கள். "பாதியாயிட்டா" என்பதன் கடைசியில் இருந்த 'ஆ'வை அம்மாக்கள் யாரும் காதில் வாங்கவில்லை. பள்ளிக்கூடமே ஆள் விட்டு விசாரிக்கிறது என்றால் சும்மாவா?

மறுநாள் மாலை டீச்சர் கடைக்குப் போனபோது வரிசை தெருவைத் தாண்டியிருந்தது. என்ன நடந்திருக்கிறது என்று புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எதிர்ப்பக்கம் ஒதுங்கி நின்று பார்த்தார். கடைக்காரர் விலையை ஏற்றிவிட்டிருந்தார். இனிப் பாதிப் பேர் கலைந்துவிடுவார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் கலையவில்லை. அந்த வழியாகப் போன ஒரு பெண் நின்று கேட்டாள்.

"என்னங்க வரிசை?"

"பால் பவுடர் இனிமே வராதாம். விலைய ஏத்திட்டான் பாருங்க. பொய்யா இருந்தா ஏத்துவானா?"

அவளும் வரிசையில் சேர்ந்தாள்.

குழாய்க்குள் இருக்கும் வாயுவுக்குக் காது கிடையாது. வெந்நீரில் இறக்கினால்தான் அது கறுக்கும். வெந்நீர் வரப்போகிறது என்று பேசிக்கொண்டால் கறுக்காது. இத்தனை வருடம் நடத்திய பாடத்தில் இந்த ஒரு வரியைச் சேர்க்க அவருக்குத் தோன்றியதே இல்லை.

தெருவைக் கடந்து, கும்பலின் முன்னால் போய் நின்றார். "இது உண்மையில்லைங்க. நான் பிள்ளைங்களுக்குக் கொடுத்த வீட்டுப்பாடம். ஒரு பேச்சுக்குச் சொன்னது. வரத்தெல்லாம் குறையல."

யாரோ சிரித்தார்கள்.

"டீச்சரம்மா, உங்களுக்கு எத்தனை டின் வேணும்னு சொல்லுங்க, வாங்கித் தர்றோம். பொய் எதுக்கு?"

"நம்மளக் கலைச்சுட்டு முன்னாடி போகப் பாக்குறாங்க. படிச்சவங்க மூளை எப்படி வேலை செய்யுது பாருங்க!"

"இல்லேன்னு சொல்லச் சொல்லி மேலிடத்துல இருந்து அனுப்பியிருப்பாங்க. அப்போ விஷயம் பெருசுதான்."

பின்னாலிருந்தவர்கள் தள்ள ஆரம்பித்தார்கள். பெரிய டின்கள் முடிந்துவிட்டன என்று கடைக்காரர் கத்தினார். "சின்னக் குழந்தைங்க டின்னா இருந்தாலும் பரவால்ல, குடுய்யா!" என்றது ஒரு குரல். முன்பக்கக் கண்ணாடி அலமாரி நொறுங்கியது. டீச்சர் எப்படி வெளியே வந்தார் என்பது அவருக்கே தெரியாது. கையில் டின் இல்லை.

வீட்டில் தங்கை காலி டின்னைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். தாய்ப்பால் கொடுக்கக் கூடாத மருந்து அவளுக்கு. மாட்டுப்பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு தடவை கொடுத்துப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"கெடைச்சுதாக்கா?"

"இல்லம்மா."

"லாரி திங்கக்கிழமைதான் வருமாம். எவளோ ஒரு பாவி கெளப்பி விட்டிருக்கா. அவ வீட்டுக் குழந்தை பசியில கத்தட்டும், அப்பதான் தெரியும்."

டீச்சர் காலிப் பையை ஆணியில் மாட்டினார். உள்ளே தொட்டிலில் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. அது விழித்துவிடுமோ என்ற பயம் இதற்கு முன் அவர் அறிந்த பயங்களைப் போல இல்லை. அதுவரை நடக்காதவற்றுக்கே பயந்திருக்கிறார். இப்போது பயப்படுவது தாமே செய்த ஒன்றுக்கு.

மறுநாள் வகுப்பில் நேராகவே கேட்டார். "யார் வீட்டுல எத்தனை டின் இருக்கு? தப்பா நினைக்க மாட்டேன்."

முதல் வரிசைப் பெண் எழுந்தாள். "இல்ல மிஸ்." அடுத்தவன் "இல்ல மிஸ்." யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கடைகள் காலி, வீடுகளும் காலி. அப்படியானால் அத்தனையும் எங்கே போயிற்று? வீட்டில் என்ன சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்பது பிள்ளைகள் தலைகுனிந்திருந்த விதத்தில் தெரிந்தது.

மாலையில் வீடு வீடாகப் போனார். வாழ்க்கையில் யாரிடமும் கைமாற்றாகச் சர்க்கரைகூடக் கேட்டிராதவர். முதல் வீட்டில் கதவைப் பாதி திறந்து, இல்லை என்றார்கள். அடுத்த வீட்டில் கதவே திறக்கவில்லை, உள்ளே டிவியின் சத்தம் மட்டும் குறைந்தது. முதல் வரிசைப் பெண்ணின் அம்மா சங்கிலியைக் கழற்றாமல் இடுக்கு வழியாகக் கேட்டாள்.

"வகுப்புல அவ ஏதாவது சொன்னாளா?"

"இல்லம்மா. அவ இல்லேன்னுதான் சொன்னா. வீட்டுல பச்சைக்குழந்தை இருக்கு. அதுக்காக வந்தேன்."

கதவு மூடியது. டீச்சர் படியிறங்கப் போகும்போது மறுபடி இடுக்கு விழுந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்தது. அதில் குழந்தை படம் போட்ட டின்.

"சீக்கிரம் பைக்குள்ள வைங்க டீச்சர். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இருக்குன்னு தெரிஞ்சா வரிசை கட்டி வந்துருவாங்க."

"சொல்ல மாட்டேன்."

தன் தெருவில் நுழையும்போது எதிர்வீட்டுப் பெண் வாசலில் நின்றிருந்தாள். இடுப்பில் அவள் குழந்தை, அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது.

"டீச்சர், எங்கேயாவது கெடைச்சுதா? ஒரு கரண்டி இருந்தாலும் போதும்."

டீச்சர் பையை விலாவோடு அணைத்துக்கொண்டார். இந்த ஒரு டின் திங்கட்கிழமை வரை ஒரு குழந்தைக்கு வரும். இரண்டு குழந்தைக்கு வருமா? வராமல் போனால்?

"இல்லம்மா" என்றார். "எங்கேயும் இல்லையாம்."

உள்ளே போய்த் தாழிட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் நகரவில்லை. அவள் அங்கேயே நின்றிருந்தாள். தங்கை சமையலறையிலிருந்து "யாருக்கா அது?" என்று கேட்டாள். டீச்சர் உதட்டில் விரலை வைத்தார்.