வாசிக்கப்படாத மூன்றாவது ஓலை

அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரின் அட்டையில் 'நீதிமான்' என்று போடும்படி உறவினர் பலர் சொன்னார்கள். நான் போடவில்லை. அப்பாவுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே கூசும். ஏன் என்பதை அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்களே அதிகம். ஆகவே முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

நாசரேத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்த அப்பா, இளம் வயதிலேயே தகப்பனாரை இழந்து, இரும்புப் பட்டறையில் வேலை பழகி, ஹைதராபாத்தில் ஒரு பொதுத்துறை ஆலை திறந்த புதிதில் வந்து சேர்ந்தார்கள். செகந்திராபாத்தில் குடித்தனம். தமிழ்ச் சபையின் பாடகர் குழுவில் ஆண்டுக்கணக்காகப் பாடினார்கள். ஆலையில் பளு தூக்கும் சங்கிலிகளைச் சோதித்துப் பதிவேட்டில் கையெழுத்திடுவது அவர்கள் பொறுப்பு. ஒரு கண்ணி தேய்ந்திருந்தாலும் சங்கிலியைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த வருஷம். பெரிய வியாழன் மாலை, மறுநாள் பெரிய வெள்ளியின் மும்மணி ஆராதனைக்கான பாட்டுப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டதென்று, அப்பா சங்கிலிகளைப் பார்க்காமலே கையெழுத்திட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். சனிக்கிழமை காலை ஒரு சங்கிலி அறுந்தது. கீழே நின்ற தொழிலாளி யாதய்யாவின் வலது கை நசுங்கிப்போனது.

மறுநாள் ஈஸ்டர். அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எல்லாரும் வரிசையாக எழுந்து போக, அப்பா பாடகர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் சபையில் பாட்டைக் காட்டிலும் பார்வை கூர்மை. மனதில் குற்றம் உள்ளவர் திருவிருந்துக்குப் போவதில்லை என்பதால், யார் எழவில்லை என்பது மத்தியானச் சோற்றுக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும்.

அந்த வாரமே ஆலையில் விசாரணை அறிவித்தார்கள். பதிவேட்டில் 'சங்கிலி சரி' என்று இருந்தது. அப்படியானால் யாதய்யாதான் அளவுக்கு மீறிப் பளு ஏற்றியிருக்க வேண்டும், அவரை வேலையை விட்டு நீக்குவதென்று பேச்சு.

அடுத்த ஞாயிறு என் கல்யாண ஓலையின் முதல் வாசிப்பு. மூன்று ஞாயிறு சபையில் வாசித்து, தடை சொல்ல யாரும் இல்லையென்றால்தான் கல்யாணம். பேகம்பேட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து முன் வரிசையில் இருந்தார்கள். ஓலை வாசிக்கப்பட்டது. அன்றும் அப்பா திருவிருந்துக்கு எழவில்லை. இரண்டாம் ஞாயிறும் அப்படியே. "உங்கப்பாவுக்கு என்ன?" என்று மாப்பிள்ளையின் தாயார் கோயில் வாசலில் வைத்தே கேட்டுவிட்டார்.

அன்று சாப்பாட்டின்போது, செவ்வாய்க்கிழமை விசாரணையில் உண்மையைச் சொல்லப்போவதாக அப்பா சொன்னார்கள்.

"நக்கோங்க, வேண்டாம்," என்றார்கள் அம்மா. "ஆண்டவர்ட்ட மன்னிப்பு கேட்டாச்சுல்லா? பொறவு ஆபீஸ்காரன்ட்ட வேற என்னத்துக்கு?"

"மன்னிப்பு கெடைக்காதவன்லா ஒளியணும்? எனக்குக் கெடைச்சாச்சு. இனியும் ஒளிஞ்சா, அந்த மனுசன் கை போனது போதாதுன்னு சோத்துலயும் மண்ணைப் போட்டதா ஆயிரும்."

நான் சும்மா இருக்கவில்லை. "கோயில் காரியமாத்தானப்பா ஓடுனீங்க?" என்றேன்.

"அதுதான் எனக்கு ரொம்ப வெக்கமா இருக்கு."

"ஒரு வாரம் பொறுங்க. மூணாவது ஓலை வாசிச்சிரட்டும். பொறவு என்னமும் சொல்லுங்க."

"ஒரு வாரத்துல அவனுக்கு வேலை போயிருமேட்டி," என்றார்கள் அப்பா.

செவ்வாய்க்கிழமை சொல்லியும் விட்டார்கள். அதிகாரி யாதய்யாவைப் பார்த்து, சோதிக்காமல் கையெழுத்திட்டது உனக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார். கட்டுப் போட்ட கையோடு நின்ற அவர், "தெரியும் சார். இவர் பஸ்ஸுக்கு ஓடினதைப் பார்த்தேன். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார், நான் எப்படிச் சொல்வது?" என்று தெலுங்கில் சொன்னாராம். இதை அப்பாவே வீட்டில் வந்து சொன்னார்கள்.

யாதய்யாவுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள். அப்பாவைப் பதவி இறக்கி ஸ்டோருக்கு அனுப்பினார்கள். பேச்சு அடங்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். அடங்கவே இல்லை. மூன்றாவது ஓலை வாசிக்கப்படவும் இல்லை.

அந்த ஓலை வாசித்திருக்க வேண்டிய ஞாயிறு அப்பா திருவிருந்துக்கு எழுந்தார்கள். என் வரிசையருகே ஒரு கணம் நின்றார்கள். நான் எழவில்லை. மன்னிக்காத மனதோடு அங்கே போகக்கூடாது என்பது எனக்கும் தெரியும். அதன்பின் பன்னிரண்டு வருஷம் போகவில்லை. அப்பாவுக்குச் சோறு வைத்தேன், மருந்து கொடுத்தேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். முறைப்படி எல்லாம் செய்தேன். கை இழந்தவருக்கு இருந்த மனது எனக்கு இல்லாமல் போயிற்று. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்பா ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

கடைசி மாதங்களில் உடனிருந்து பார்த்த மருத்துவருக்கும் தாதியருக்கும், முறை வைத்து வந்து ஜெபித்த சபையாருக்கும், வாரம் தவறாமல் கட்டிலருகே வந்து உட்கார்ந்திருந்த யாதய்யா அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. போதகர் ஐயாவுக்கு என் சொந்த நன்றி ஒன்று உண்டு. அப்பா மறைவதற்கு இரண்டு நாள் முன்பு ஐயா வீட்டுக்குத் திருவிருந்து கொண்டுவந்தார். அப்பத்தை நீட்டியபோது அப்பா வாயை மூடிக்கொண்டார்கள். விழுங்க முடியவில்லையோ என்று நான் தண்ணீர் எடுக்கத் திரும்பினேன்.

"மொதல்ல அவளுக்கு," என்றார்கள்.

ஐயா ஒரு கேள்வியும் கேட்காமல் என் பக்கம் வந்தார். அழுதுகொண்டே கை நீட்டி வாங்கி உண்டேன். அதற்குப் பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார்கள்.