அவளுக்கு நான் தேர்ந்தெடுத்த சைக்கிள்

எங்கள் சைக்கிள் குழுவில் மூன்று வருடங்கள் நான் ஒருத்திதான் பெண். விழுப்புரத்திலிருந்து ஏழெட்டுப் பேர், திண்டிவனத்திலிருந்து நான்கைந்து பேர். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரண்டு பக்கமிருந்தும் கிளம்பி, கூட்டேரிப்பட்டில் ஒரு டீக்கடையில் சேர்ந்துகொள்வோம். விழுப்புரத்துக்காரர்களுக்குத் தூரம் அதிகம், அதனால் ஆளுக்கு இரண்டு வடை. திண்டிவனத்துக்காரர்களுக்கு அதில் பாதித் தூரம்தான், அவர்களுக்கும் இரண்டு வடை. உடம்போடு ஒட்டிக்கொள்ளும் அந்தச் சட்டைகளில் தொப்பைகள் வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்து, போன வாரத்தைவிட எத்தனை நிமிடம் முன்னால் வந்தோம் என்று பேசிக்கொண்டிருக்கும். கடைக்காரர் எங்கள் பக்கம் பார்க்கவே மாட்டார்.

என்னை அவர்கள் நன்றாகத்தான் வைத்துக்கொண்டார்கள். படம் எடுத்தால் நடுவில் நான். "மேடத்துக்கு மொதல்ல டீ குடுப்பா" என்று யாராவது சொல்வார்கள். சுற்றுவட்டாரத்தில் எந்தப் போட்டி நடந்தாலும் பெண்கள் பிரிவில் முதல் பரிசு எனக்கே. பல தடவை அந்தப் பிரிவில் என்னைத் தவிர ஆளே இருந்ததில்லை என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொன்னதில்லை. எனக்கு வயது நாற்பத்திரண்டு. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் வேலை. அங்கே எனக்குக் கிடைப்பதெல்லாம் கோப்புகளும் கொட்டாவிகளும்தான். "முதலிடம்" என்ற சொல் என் வாழ்க்கையில் சைக்கிளில் மட்டும்தான் வந்தது. அதை இழக்க நான் தயாராக இல்லை. இந்தக் கதை முழுக்க அதைப் பற்றியதுதான்.

அவள் திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். வயது இருபத்தாறு. யாரோ ஓட்டிக் கழித்த ஒரு கியர் சைக்கிளில், சுடிதார் பேண்ட்டோடு, முதல் ஞாயிறு வந்தாள். டீ குடித்து முடித்து எல்லோரும் விக்கிரவாண்டி பக்கம் கிளம்பினோம். பத்து நிமிடத்தில் என் வலது தோளுக்குப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"அக்கா, நான் கொஞ்சம் முன்னாடி போய்க்கினு இருக்கட்டுங்களா?"

அனுமதி கேட்டாள். கேட்டுவிட்டுப் போனாள். மூச்சுகூட வாங்கவில்லை. பேசாமல் முந்தியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அவள் அம்மா திண்டிவனத்தை ஒட்டிய கிராமத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கக் கூலிக்குப் போகிறவர். என் அப்பா வீட்டு நிலத்தில் அப்படி எத்தனையோ பேர் குனிந்து நின்றதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு டாக்டரின் மகள் என்னை முந்திப் போயிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அலுவலகத்தில் சமத்துவ நாள் உறுதிமொழியை மைக்கில் வாசிக்கிறவளும் நான்தான். அது வேறு வாய் போலிருக்கிறது.

அந்த வருடம் புதுச்சேரிப் பக்கம் கடலோரத்தில் ஒரு டிரையத்லான் வைத்தார்கள். கடலில் நீந்திவிட்டு ஈரத்தோடு சைக்கிளில் ஏற வேண்டும், அதை முடித்து இறங்கி ஓட வேண்டும். போட்டி ஆவணியில். நான் நாற்பது வயதுக்கு மேல் ஒரு ஓட்டல் நீச்சல் குளத்தில் ஆள் வைத்துக் கற்றுக்கொண்டவள். முங்கிப் போகாமல் இருப்பேன், அவ்வளவுதான். அவளோ பாசனக் கிணற்றில் குதித்துக் குதித்து வளர்ந்தவள். ஓட்டத்திலும் அவளைப் பிடிக்க முடியாது. சைக்கிளில் மட்டும், அந்த ஓட்டை வண்டியை வைத்துக்கொண்டு நீண்ட தூரத்தில் என்னிடம் கொஞ்சம் தோற்பாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். அப்போதுதான் அவள் குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதினாள்: "டிரையத்லானுக்குன்னு தனியா வர்ற சைக்கிள் ஒண்ணு வாங்கப் போறேன். எது நல்லா இருக்கும்னு ஓட்றவங்க எல்லாரும் சொல்லுங்க."

அன்றைக்குக் குழுவில் நடந்த கூத்தைப் பார்த்திருக்க வேண்டும். கருத்துக் கேட்டால் எங்கள் ஆட்கள் சோறு தண்ணி மறந்துவிடுவார்கள். பல் டாக்டர் தான் வைத்திருக்கும் சைக்கிளைத்தான் சொன்னார். அதில் ஏறினால் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும், மறுநாள் நோயாளிகளை நின்றுகொண்டுதான் பார்ப்பார். வங்கி மேலாளர் சைக்கிளைவிட வீடியோவை அதிகம் ஓட்டுகிறவர். அவர் ஒன்பது இணைப்புகள் அனுப்பினார். மல்லாட்டை மண்டிக்காரர் தன்னுடையதைப் போல உலகத்தில் கிடையாது என்றார். அது இரண்டு வருடமாக அவர் வீட்டு வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது, அதன்மேல் குருவி எச்சம் இருக்கிறது. காசு கொட்டி வாங்கியதைக் குறை சொன்னால் வாங்கியவன் முட்டாள் என்றாகிவிடும். அதனால் எவரும் குறை சொல்லவில்லை.

கடைசியில் இரண்டு சைக்கிள்களில் வந்து நின்றது. வெள்ளை வண்டிக்குச் சாதாரணச் சக்கரம். கறுப்பு வண்டிக்கு டீப் ரிம், அதாவது சக்கரத்தின் விளிம்பு உள்ளங்கை அகலத்துக்குத் தகடு மாதிரி அடைத்துக்கொண்டு இருக்கும். நேர் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், பார்க்கவும் மிரட்டலாக இருக்கும். குழுவில் வாக்கெடுப்பு வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் பதினோரு பேர் கறுப்புக்குப் போட்டிருந்தார்கள். வெள்ளைக்கு யாருமே இல்லை.

அந்தப் பதினோரு பேரில் எழுபத்தைந்து கிலோவுக்குக் குறைந்த ஆள் கிடையாது. அவள் நாற்பத்தெட்டு. நான் நாற்பத்தேழு.

அவள் வருவதற்கு முந்தைய வருடம் புதுச்சேரி நண்பர் ஒருவரிடம் அதே மாதிரி சக்கரங்களை இரவல் வாங்கி மாட்டியிருந்தேன். ஆடி மாதம். நம் நெடுஞ்சாலை வடக்குத் தெற்காகப் போவது, ஆடிக் காற்று மேற்கிலிருந்து குறுக்கே அடிப்பது. மயிலம் பிரிவைத் தாண்டியதும் ஒரு ஆம்னி பஸ் என்னைக் கடந்தது. கடக்கும் வரை காற்றை மறைத்துக்கொண்டு, கடந்ததும் மொத்தமாகத் திறந்துவிட்டது. முன்சக்கரத் தகட்டை யாரோ கையால் தள்ளியதைப் போல இருந்தது. சாலையை விட்டு மண்ணுக்குப் போய் எப்படியோ நின்றேன். கால் நடுங்கி, பத்து நிமிடம் கீழேயே உட்கார்ந்திருந்தேன். எடை உள்ளவர்களை அது ஒன்றும் செய்யாது. எங்களைப் போன்ற உடம்புக்கு அந்தச் சக்கரம் எமன். மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன். குழுவில் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் "பொம்பளைங்களுக்கு அதெல்லாம் செட் ஆகாது மேடம்" என்று இளிப்பார்கள், அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

ஆக, அந்தக் குழுவில் அவளுக்குத் தேவையான கருத்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என்னிடம் இருந்தது. நான் கைப்பேசியை எடுத்துக் கறுப்புக்கு என் வாக்கைப் போட்டேன். பன்னிரண்டு.

அன்று மாலை அவள் எனக்குத் தனியாகப் போன் செய்தாள்.

"அக்கா, அவங்கல்லாம் சொல்றது இருக்கட்டும். நீங்க பொம்பள, நம்ம ஒடம்புக்கு ஒத்து வருமான்னு உங்களுக்குத்தான் தெரியும். கறுப்பு வாங்கலாங்களா?"

யாரும் என்னை இவ்வளவு சரியாகக் கேள்வி கேட்டதில்லை. சமையலறையில் நின்றிருந்தேன். அடுப்பில் கேப்பைக் களி. கிண்டுவதை நிறுத்தினால் அடி பிடித்துவிடும். கிண்டிக்கொண்டே சொன்னேன்.

"இத்தினி பேரு சொல்றாங்கல்ல? தைரியமா வாங்கு."

"சரிங்கக்கா. நீங்க சொல்லிட்டீங்க, போதும்."

அவள் விழுந்து சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவள் பயப்பட வேண்டும் என்று நினைத்தேன். நான் நடுங்கியதைப் போல அவளும் ஒரு தடவை நடுங்கி, புது வண்டியை மூலையில் சாத்திவிட்டு, போட்டிக்கே வராமல் போக வேண்டும். அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். களி நன்றாக வந்திருந்தது, சாப்பிட்டேன்.

ஆனி கடைசியில் வண்டி வந்தது. கூட்டேரிப்பட்டில் பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கினோம். படம் எடுத்தது நான். அதில் அவள் வண்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். சுடிதார் போய், சைக்கிள் ஓட்டுகிறவர்களின் உடை வந்திருந்தது. முதல் இரண்டு வாரம் காற்று இல்லை. முன்கைகளைக் கம்பியில் வைத்துக் குனிந்து படுத்தாள் என்றால் எங்கள் எவர் கண்ணிலும் அகப்படவில்லை. மண்டிக்காரர் "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று தானே ஓட்டியதைப் போல மார்தட்டிக்கொண்டார்.

ஆடி பிறந்தது. இரண்டாவது ஞாயிறு டீக்கடையின் தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொண்டது. சாலையோரப் புளியமரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். "இன்னிக்கு வேணாம், படுத்துக்கினு ஓட்டாத" என்று ஒரு வார்த்தை. அவள் என் பக்கத்தில்தான் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். "காத்து பேஜாரு பண்ணுதுக்கா" என்றாள். நான் ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டேன்.

எனக்கு இருநூறு மீட்டர் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஒரு பஸ் முதலில் என்னைக் கடந்தது. என் சாதாரணச் சக்கரமே ஆடியது. அந்த பஸ் அவளை நோக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். என்ன நடக்கப்போகிறது என்று அந்தச் சாலையில் எனக்கு மட்டும்தான் தெரியும். பஸ் கடந்ததும் அவள் ஒரு பக்கமாகப் பிடுங்கி எறியப்பட்டதைப் போல சாலையோரச் சிமென்ட் கட்டையில் போய் விழுந்தாள்.

போய் நின்றபோது நினைவு இருந்தது. வலது மணிக்கட்டு போகக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் கேட்டது, "வண்டிக்கு ஒண்ணும் ஆவலையே அக்கா?" என்று. ஒன்றும் ஆகவில்லை என்றேன். உண்மையிலேயே அதற்கு ஒரு கீறல்தான்.

ஆம்புலன்ஸ் போன அரை மணி நேரத்தில் குழுவில் ஆய்வு ஆரம்பித்துவிட்டது. புது வண்டி, பழகவில்லை என்றார் ஒருவர். பிரேக்கைத் தப்பாகப் பிடித்திருப்பாள் என்றார் இன்னொருவர். இன்னும் கொஞ்சம் சாப்பிட்டு உடம்பு ஏற்ற வேண்டும் என்று பல் டாக்டர் எழுதினார். சக்கரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டேன்.

ஆவணியில் போட்டிக்குப் போனேன். பெண்கள் பிரிவில் மூன்று பேர். மற்ற இருவரும் சென்னைக் கல்லூரிப் பெண்கள். ஒருத்தி கடலைப் பார்த்ததும் வேண்டாம் என்று விட்டாள். இன்னொருத்திக்குச் சங்கிலி கழன்றது. முதலிடம் எனக்கு. மேடையில் மெடலைக் கழுத்தில் போட்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று எழுதினால் நல்ல பெயர் கிடைக்கும், ஆனால் பொய்.

அடுத்த வாரம் அந்த மெடலையும் அரைக் கிலோ ஆப்பிளையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஏன் மெடலை எடுத்துப் போனேன் என்று இன்று வரை தெரியவில்லை. அவள் அம்மா அவித்த மல்லாட்டையைத் தோலுரித்து மகளின் இடது கையில் வைத்துக்கொண்டிருந்தார். வலது கையில் தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். மணிக்கட்டு இனி பாதிதான் திரும்புமாம். ஊசி போட்ட கை, நரம்பைத் தடவியே கண்டுபிடிக்கிற கை. மருத்துவமனையில் அவளை வார்டிலிருந்து எடுத்து, வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்க உட்கார வைக்கப் போகிறார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் என்னைப் பார்க்கவில்லை.

மெடலைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "எம்மா, பாரும்மா, அக்கா ஜெயிச்சிட்டாங்க!" இடது கையால் வாங்கி அம்மாவின் கழுத்தில் போட்டுப் பார்த்தாள். அந்த அம்மா வெட்கப்பட்டு, எனக்கும் ஒரு கை மல்லாட்டை உரித்துக் கொடுத்தார். தின்றேன்.

பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். எனக்கு ஆபரேஷன் பண்ண டாக்டரும் சைக்கிள் ஓட்றவருதான். எடை கம்மியா இருக்கறவங்க அந்த மாதிரி வீல் போட்டுக்கினு ஆடிக் காத்துல போவவே கூடாதுன்னு சொன்னாரு. நம்ம குரூப்புல ஒருத்தருக்குக்கூட அது தெரியல பாருங்க. நீங்க எப்பவாச்சும் அத ஓட்டியிருக்கீங்களா?"

அம்மாவின் கை உரிப்பதை நிறுத்தவில்லை. வெளியே ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"இல்லம்மா" என்றேன்.

"அப்பாடா" என்றாள். நல்ல கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஓட்டிடாதீங்கக்கா. யாராவது சும்மா குடுத்தாக்கூட ஏறிடாதீங்க. உங்களுக்கும் என் ஒடம்புதான்."

சரி என்று தலையாட்டினேன். தப்பித்துவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றியது. அவள் என் கையை விடவே இல்லை.