அமைச்சரைப் பார்க்கப் போன ஆண்ட்ரூஸ்

ஆண்ட்ரூஸ் என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது ஆவூர்க் கோயில் வாசலில், பூசை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது. என் தங்கை சந்தனமேரி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, நம்ம ஜெயராணிக்கு ஒரு எடம் வந்திருக்கு. பையன் பேரு ஆண்ட்ரூசாம். கட்டடத்துக்குக் கம்பி கட்டுற வேலை."

"குடிப்பானா?"

"கிறிஸ்துமசுக்கு மட்டும்னு சொல்றாங்க."

"வருசத்துக்கு எத்தனை கிறிஸ்துமஸ்னு நல்லா விசாரி" என்றேன்.

விசாரித்ததில் குடியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. வேறொரு சேதிதான் கிடைத்தது. வருகிறேன் என்று சொன்னால் அந்த நாளில் வந்து நிற்பவன், முடியாது என்றால் முன்கூட்டியே முடியாது என்று சொல்லிவிடுபவன். மகளைக் கொடுக்க என் தங்கைக்கு அது போதுமானதாக இருந்தது. அவள் புருஷன் இரண்டையும் செய்யாதவர்.

கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷம். நாலாவது மாசமே ஆண்ட்ரூஸ் மாப்பிள்ளை வெளிநாடு போய்விட்டார். எங்கள் பக்கத்தில் எந்த அரபு நாட்டுக்குப் போனாலும் துபாய் என்றுதான் சொல்வோம். அவர் இருந்தது வேறு நாடு. அந்தப் பேரைத் திருத்தித் திருத்திச் சொல்லி ஓய்ந்துபோய், ஜெயராணியும் கடைசியில் துபாய் என்றே சொல்லத் தொடங்கிவிட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாசம் வருவார். மகள் டயானா பிறந்தபோது அவர் இல்லை. ஞானஸ்நானத்துக்கு வந்தார். அவருடைய அப்பா இறந்தபோது இல்லை. முப்பதாம் நாள் பூசைக்கு வந்தார். சந்தனமேரி போனபோதும் இல்லை, அவளுடைய வருஷப் பூசைக்கும் இல்லை. ஜெயராணியின் அண்ணன் மைக்கேல்சாமி வீடு கட்டிக் குடிபோனான். அந்த வீட்டுக்குத் தளக்கம்பி எத்தனை இஞ்சு இடைவெளியில் கட்ட வேண்டும் என்று போனிலேயே சொல்லிக் கொடுத்தவர் ஆண்ட்ரூஸ். குடிபோன அன்று அவர் இல்லை. அந்த வீட்டு ஆல்பங்களை எடுத்துப் பார்த்தால் மைக்கேல்சாமிக்கு வருஷா வருஷம் தலை நரைப்பது தெரியும். ஆண்ட்ரூஸ் அதில் கருத்த தலையோடு கல்யாணப் படத்தில் மட்டும் நிற்பார்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் "வர முடியாது" என்று முன்னாலேயே சொல்லிவிடுவார். வருகிறேன் என்று சொல்லி வராமல் இருந்தது கிடையாது. அதனால்தான் டயானா கல்யாணத்துக்கு "வாரேன்" என்று அவர் சொன்னதும் ஜெயராணி வேறு எதையும் யோசிக்கவில்லை.

கீரனூர்ப் பக்கத்துப் பையன், அருள்தாஸ். அவனுக்கும் வெளிநாட்டில்தான், சிங்கப்பூரில் வேலை. இருபது நாள் லீவில் வந்து கட்டிக்கொண்டு திரும்பிப் போக வேண்டும். தவக்காலத்தில் எங்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது. ஆகவே சாம்பல் புதனுக்கு முந்தைய திங்கட்கிழமை என்று நாள் குறித்தாயிற்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். முதல் ஓலை வாசித்த அன்றுதான் ஆண்ட்ரூஸ் போனில் உண்மையைச் சொன்னார். கம்பெனியை இழுத்து மூடி எட்டு மாசம். பாஸ்போர்ட் எல்லாம் கம்பெனி பெட்டிக்குள். பெட்டி சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. ஆட்கள் தங்கும் கேம்ப்பில் நூற்றிருபது பேர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"எட்டு மாசமா எங்கிட்ட வேலைக்குப் போறேன்னு சொன்னீங்களே" என்றாள் ஜெயராணி.

"வேலைக்குப் போறேன்னு சொல்லல. நல்லா இருக்கேன்னு சொன்னேன்."

"அப்ப கல்யாணத்துக்கு?"

"வாரேன்னு சொல்லிட்டேன்ல. வழி இருக்கு. நம்ம நாட்டு நிதி அமைச்சர் இங்க வாராங்க."

டி.வி.யில் நாங்களும் பார்த்தோம். இரு நாடுகளின் பொருளாதார உறவை வலுப்படுத்த நிதி அமைச்சர் மூன்று நாள் பயணம் என்று கீழே எழுத்து ஓடியது. அங்கே வேலை பார்க்கும் நம் ஆட்களைப் பெரிய ஓட்டலில் சந்திப்பார்களாம். ஆண்ட்ரூஸ் இருந்த கேம்ப்பிலிருந்து நாற்பது பேரைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கொரு வெள்ளைச் சட்டை கொடுத்திருக்கிறார்கள். மூத்த ஆள் என்று ஆண்ட்ரூஸ் பேரையும் சேர்த்துவிட்டார்கள்.

"நிதி அமைச்சருக்கும் ஒங்க பாஸ்போர்ட்டுக்கும் என்னங்க இருக்கு? அவங்க பேச வாரது கோடிக் கணக்கு" என்றாள் ஜெயராணி.

"அமைச்சர்னா அமைச்சர்தான். ஒரு கையெழுத்துப் போட்டா அது போகவேண்டிய ஆபீசுக்குப் போயிரும். ஒங்க அம்மா பட்டாவுக்குக் கலெக்டர்ட்ட குடுத்தோமே, கலெக்டரா வந்து நெலத்தை அளந்தாரு?"

அந்தப் பட்டாக் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு லீவில் வந்திருந்தபோது சந்தனமேரியைக் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை மனுநாளுக்குப் புதுக்கோட்டை கலெக்டர் ஆபீஸ் போனார். போகிற வழியில் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டார். பெரியவர்களைப் பார்க்கப் போனால் வெறுங்கையோடு போகக் கூடாது, முதலில் பழம், பிறகு மனு, பிறகு ஊரும் பேரும். இது அவருடைய அப்பா சொல்லிக் கொடுத்த முறை. அன்றைக்குக் கலெக்டர் சிரித்துக்கொண்டே பழத்தை வாங்கி மேசைமேல் வைத்தாராம். நாலாவது மாசம் பட்டா வந்தது. பட்டா எதனால் வந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆண்ட்ரூசுக்குத் தெரியும். முறையாகக் கொடுத்ததால் வந்தது.

இனி வருவது முத்துராமன் சொன்னது. கறம்பக்குடிக்காரர், ஆண்ட்ரூசுக்குப் பக்கத்துக் கட்டில். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக எங்கள் வீட்டுக்கு வந்து, கொடுத்த காப்பி ஆறிப்போகும்வரை பேசினார்.

முத்துராமனுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். மனுவை அவர்தான் எழுதினார். அனுப்புநர், பெறுநர், ஐயா அல்லது அம்மா என்று தொடங்கி, நூற்றிருபது பேருக்கும் பாஸ்போர்ட் கேட்டு, கடைசிப் பத்தியில் ஆண்ட்ரூஸ் மகள் கல்யாணத் தேதியையும் எழுதினார். நூற்றிருபது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். போடத் தெரியாதவர்கள் மைதொட்டுப் பெருவிரல் வைத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு நாள் ஆண்ட்ரூஸ் எலுமிச்சம்பழம் தேடினார். சமையல்கட்டில் இருந்த பழத்தில் கறுப்புப் புள்ளி இருந்ததாம். புள்ளி இல்லாத பழமாக ஒன்றை எங்கிருந்தோ பிடித்துவந்து தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அமைச்சருக்கு ஊறுகா போடப் போறீங்களாண்ணே?" என்று முத்துராமன் கேட்டிருக்கிறார்.

"நீ மனுவை மடிக்காம வையி. பழம் எம்பாடு."

ஓட்டல் வாசலில் சோதனை. வரிசையில் ஆண்ட்ரூஸ் முன்னால், முத்துராமன் பின்னால். மனு சட்டைக்குள், பழம் கால்சட்டைப் பையில். காவலாளி பையைத் தடவிப் பார்த்துப் பழத்தை எடுத்துவிட்டான். இது என்ன என்று இந்தியில் கேட்டான். மரியாதை என்று ஆண்ட்ரூஸ் சொன்னார். உள்ளே சாப்பாடு உண்டு, இதை வைத்துவிட்டுப் போ என்று தட்டைக் காட்டினான்.

"அண்ணே, பழத்தைப் போட்டுட்டு வாங்க. மனு உள்ள போனாப் போதும்" என்று முத்துராமன் காதில் சொன்னார்.

"வெறுங்கையோட போயிக் காகிதத்தை நீட்டவா? பிச்சை கேக்கவா வந்திருக்கோம்?"

பழம் எதற்கு என்று காவலாளிக்குப் புரியவைத்தால் விட்டுவிடுவான் என்று நினைத்தாரோ என்னவோ, சட்டைக்குள் கையை விட்டு மனுவை எடுத்தார். இதையும் இதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று பழத்தைத் திரும்ப வாங்கி, இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக் காட்டினார். காவலாளி பழத்தை விட்டுவிட்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டான். கேம்ப் சூப்பர்வைசர் ஓடி வந்தார். மனுவெல்லாம் கொடுக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே சொன்னேனே என்று பல்லைக் கடித்தார். மனுவை அங்கே நின்ற ஒரு அதிகாரி வாங்கிப் பார்த்துத் தன் பைலுக்குள் வைத்துக்கொண்டார். ஆண்ட்ரூசை வெளியே நிறுத்திவிட்டார்கள். பழத்தை மட்டும் அவர் கையிலேயே விட்டுவிட்டார்கள்.

உள்ளே அமைச்சர் இருபது நிமிஷம் பேசினாராம். கடல்கடந்து உழைப்பவர்கள்தான் இரண்டு நாட்டுக்கும் பாலம் என்றாராம். கைதட்டினார்கள். பிறகு எல்லாரையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அமைச்சருக்கும் முத்துராமனுக்கும் நடுவில் இரண்டே ஆள். நூற்றிருபது பேருடைய மனுவை மனப்பாடமாக வைத்திருந்தவர் அவர்.

"வாயத் தெறக்கணும்னுதான் நெனச்சேன்" என்றார் எங்களிடம். "வரலைங்க. சிரிங்கன்னு சொன்னாங்க. சிரிச்சேன்."

வெளியே வந்து பார்த்தபோது ஆண்ட்ரூஸ் பஸ் நிழலில் டிரைவரோடு உட்கார்ந்திருந்தார். பழத்தைப் பிழிந்து தண்ணீர்ப் பாட்டிலில் கலந்து இரண்டு பேரும் குடித்துக்கொண்டிருந்தார்களாம். முத்துராமனுக்கும் ஒரு வாய் கொடுத்திருக்கிறார்.

இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. ஓட்டலுக்குக் கிளம்பும் முன் அவர் ஜெயராணியிடம் "நாளைக்குப் பேப்பரைப் பாரு, நான் இருப்பேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார். மைக்கேல்சாமி பஸ்ஸில் போய்ப் பேப்பர் வாங்கி வந்தான். ஜெயராணி கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை என்று வெள்ளைச் சட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கடைசியிலிருந்து முதலுக்குப் பார்த்தாள்.

"உசரமான ஆளுக்குப் பின்னாடி மறைஞ்சிருப்பாரு" என்றான் மைக்கேல்சாமி.

"அவரே உசரம்தான்" என்றாள் அவள். பேப்பரை மடித்துப் பீரோவுக்குள் வைத்தாள்.

மூன்றாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆண்ட்ரூஸ் போன் செய்தார். இந்தத் தடவை ஜெயராணியிடம் பேசவில்லை, மகளைக் கூப்பிடச் சொன்னார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"டயானா, அப்பா வாரேன்னு சொன்னேன்."

"ஆமாப்பா."

"வர முடியாதும்மா."

"நாள் இருக்கும்போதே சொல்லிட்டீங்கல்லப்பா, அது போதும்" என்றாள். மறுநாள் கல்யாணம். அவள் எதற்கு அப்படிச் சொன்னாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. சொன்ன சொல் தவறவில்லை என்று அவருக்கு ஒரு வழி கொடுத்தாள். அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. வைக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

பீடத்தின் முன்னால் தாய்மாமன் மைக்கேல்சாமிதான் கையைப் பிடித்துக் கொடுத்தான். ஜெயராணி செல்போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனுக்குள் ஆண்ட்ரூஸ், அமைச்சரைப் பார்க்கக் கொடுத்த அதே வெள்ளைச் சட்டையில், இரண்டடுக்குக் கட்டிலுக்கு முன்னால் நின்றபடி இருந்தார். சாமியார் ஜெபம் சொல்லும்போது படம் அப்படியே நின்றுவிட்டது. கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து. அவள் போனை இறக்கவில்லை. பூசை முடிகிறவரை அந்த நின்றுபோன முகத்தைத்தான் மகளுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு நாலரை மாசம் கழித்து ஆடி மாதத்தில் அவர் வந்தார். வேறொரு கம்பெனி அந்த இடத்தை எடுத்துக்கொண்டு, பெட்டியை உடைத்து, பழைய ஆட்களை அனுப்பிவிட்டது. திருச்சி ஏர்போர்ட்டில் நாங்கள் ஐந்து பேர் நின்றோம். டயானா அப்போது ஆறு வாரம் முழுகாமல் இருந்தாள். அருள்தாஸ் சிங்கப்பூரிலிருந்து நடுவில் ஒரு வாரம் வந்து போயிருந்தான். ஆண்ட்ரூஸ் வெளியே வந்ததும் "மெலிஞ்சிட்டியேம்மா" என்றார் மகளிடம். அவருடைய தலை முழுக்க நரைத்திருந்தது. ஜெயராணி அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, பஸ் போயிரும் வாங்க என்று முன்னால் நடந்தாள்.

புரட்டாசியில் ஒரு காலையில் புதிதாக வந்த வி.ஏ.ஓ. ரம்யா எங்கள் தெருவுக்கு வந்தாள். கையில் ஒரு கட்டுக் காகிதம்.

"இங்க ஆண்ட்ரூஸ் வீடு எதுங்க? அவரு வெளிநாட்டுல மாட்டிக்கிட்டிருக்காராம். குடும்பத்தை விசாரிச்சு அறிக்கை அனுப்பச் சொல்லியிருக்காங்க."

ஆண்ட்ரூஸ் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "நான்தாங்க" என்றார்.

அவள் அவரையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். முத்துராமன் எழுதிய அதே மனுவின் நகல். அதன்மேல் அங்கிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து புதுக்கோட்டை, அங்கிருந்து தாலுகா என்று முத்திரைமேல் முத்திரை. ஆண்ட்ரூஸ் அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"பரவாயில்லையே, போயிருக்கு" என்றார்.

"மக கல்யாணத்துக்கு வரணும்னு எழுதியிருக்கீங்க. கல்யாணம் எப்ப?"

"முடிஞ்சு ஏழு மாசம் ஆச்சுங்க."

"அப்ப கோரிக்கை தேவைப்படலைன்னு எழுதிரவா சார்?"

அதுவரை அடுப்படியில் இருந்த ஜெயராணி வெளியே வந்தாள். "தேவைப்படலைன்னு எழுதாதீங்கம்மா. தேவைப்பட்டுச்சு. நாளு முடிஞ்சிருச்சுன்னு எழுதுங்க."

"அப்படி எழுத இதுல எடம் இல்லீங்கக்கா. தேவை, தேவையில்லை, ரெண்டுதான் இருக்கு."

ரம்யாவையும் குறை சொல்ல முடியாது. வெயிலில் வந்திருந்தாள், தண்ணீர் வாங்கிக் குடித்தாள். ஆண்ட்ரூஸ் பேனாவை வாங்கித் தேவையில்லை என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மற்ற நூற்றுப்பத்தொன்பது பேருக்கும் இப்படி ஆள் போகுமா என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை.

இப்போது ஆண்ட்ரூஸ் கீரனூரில், திருச்சி ரோட்டில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில் கம்பி கட்டுகிறார். காலை ஏழரை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்பி வருகிறார்.