குறிப்பலகைக்குள் எங்கள் ரப்பர்

யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள் ரைபிள் சுட்டாள் என்று சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள். அதுவும் நான் சொல்வது வன்னியில் யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். தப்பாக நினைக்க வேண்டாம், இது விளையாட்டு. காற்றை அடைத்து ஈயக் குண்டைத் தள்ளுகிற ரைபிள், பத்து மீட்டர் தூரத்தில் ஒரு அட்டை. அட்டையின் நடுவில் இருக்கிற புள்ளி ஒரு மிளகு அளவுகூட வராது. அதில் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது வந்தது. வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறவள் நான். ரைபிளைத் தோளில் வைத்தால் மட்டும் மூச்சு அடங்கிவிடும். ஏனென்று என்னிடம் கேட்டுப் பிரயோசனமில்லை.

எங்கள் தோட்டத்து மேனேஜரான பெரிய துரை வாலிபத்தில் இந்த விளையாட்டில் நாட்டுக்காகச் சுட்டவர், சிங்களவர். தோட்டத்துக் கிளப்பில் பூப்பந்து ஆடுகிற மண்டபத்தை மறித்துச் சுடுவதற்கு இடம் செய்தார். டவுன் பள்ளிக்கூடத்துச் சிங்களப் பிள்ளைகள் இரண்டு பேர், தோட்டத்திலிருந்து நான். ரைபிள்கள் கிளப்பிலேயே பூட்டியிருக்கும். ஒருநாளும் லயத்துக்குக் கொண்டுபோனதில்லை. கொண்டுபோயிருந்தால் அன்றே பொலிஸ் வந்து எல்லா வீட்டையும் புரட்டிப் போட்டிருக்கும்.

முன்பெல்லாம் அட்டையில் சுட்டு, துரை அளந்து கையெழுத்துப் போட்டு கொழும்பிலிருக்கிற துப்பாக்கிச் சுடுதல் சங்கத்துக்கு அனுப்புவார். அதை வைத்தே தேசிய அணிக்கு ஆள் எடுப்பார்கள். பிறகு சட்டத்தை மாற்றினார்கள். இனி அட்டையில் எடுத்த புள்ளி செல்லாது, மின்னணுக் குறிப்பலகையில் எடுத்தால்தான் செல்லும் என்றார்கள். அந்தப் பலகைக்கும் சங்கத்து ஆள் வந்து சோதித்துச் சான்று தர வேண்டுமாம். அணியில் இடம் கிடைத்தவர்களைக் கொழும்புக் கம்பெனிகள் தங்கள் அணிக்காக வேலைக்கு எடுக்கும். என் கண் முழுக்க அந்த வேலையில்தான் இருந்தது. ரப்பர் பால்வாளி தூக்காமல் தோட்டத்தை விட்டுப் போக எனக்கு வேறு வழி தெரியவில்லை.

துரை விடவில்லை. எங்கோ வெளிநாட்டில் கழித்துப்போட்ட மின்னணுப் பலகை ஒன்றை வரவழைத்தார். அந்த ஜாதிப் பலகை ஒரு பெட்டி மாதிரி இருக்கும். முன்னால் ஒரு ரப்பர் திரை, உள்ளே நாலு மூலையிலும் சத்தம் கேட்கிற கருவி. குண்டு திரையைத் துளைக்கிற சத்தம் எந்த மூலைக்கு முதலில் போகிறது என்று கணக்குப் போட்டு, குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும். எங்களுக்கு வந்ததில் திரை கிழிந்து சல்லடையாகிக் கிடந்தது. பத்தில் சுட்டால் ஏழு காட்டும். புதுத் திரைக்கு எழுதிப் போட்டும் வந்தபாடில்லை.

என் அப்பா தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பாலை உறையவைத்துச் சீட் அடிக்கிறவர். துரை அவரைக் கூப்பிட்டுக் கிழிந்த திரையைக் காட்டினார். அப்பா அதை இழுத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

"இதுக்கா தொர இவ்வளவு யோசிக்கிறீங்க? சீட்டுதானுங்களே. குமிழி இல்லாம மெல்லிசா அடிச்சித் தாறேன்" என்றார்.

பாலைத் திரும்பத் திரும்ப வடிகட்டி, தட்டில் மெல்லிசாக உறையவிட்டு, வழுவழு ரோலரில் போட்டுப் போட்டு எடுத்து, புகை அறையில் தொங்கவிட்டுக் கொண்டுவந்தார். மாட்டிச் சுட்டேன். பத்துக்குப் பத்து காட்டியது. துரை அப்பாவின் முதுகில் தட்டினார். அப்பா அன்றைக்கு லயத்தில் ஒருத்தரையும் விடவில்லை, வீடு வீடாகப் போய்ச் சொன்னார்.

சங்கத்து ஆள் வந்தார். அமைதியான மனுஷன், குரலை உயர்த்தமாட்டார். அவர் முன்னாலேயே தேர்வுச் சுடுதலும் நடந்தது. எங்கள் பலகைக்குப் பின்னால் ஒரு அட்டையை வைத்தார். அட்டையில் விழுந்த ஓட்டையும் பலகை காட்டிய புள்ளியும் ஒத்துப்போயின. அன்று நான் சுட்டது மாதிரி அதற்கு முன்னால் சுட்டதில்லை. தேவையான புள்ளியைத் தாண்டிவிட்டேன். டவுன் பிள்ளைகள் இரண்டு பேரும் தாண்டினார்கள். அவர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார்.

திரை கிழிந்தால் மாற்றுவதற்கென்று அப்பாவையும் துரை நிற்கச் சொல்லியிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து சுவரோரம் நின்றவர் அந்த ஆளின் பக்கத்தில் வந்தார். "ஏக்க அப்பே ரப்பர் மாத்தயா, மமய் ஹெதுவே" என்று சிங்களத்தில் சொன்னார். அது எங்க ரப்பர் ஐயா, நான்தான் செஞ்சேன் என்று, முகமெல்லாம் பல்லாக.

பேனா நின்றது. பெட்டியைத் திறக்கச் சொல்லித் திரையைத் தொட்டுப் பார்த்தார். துரை என்னென்னவோ வாதாடினார். புள்ளி சரியாகத்தானே காட்டுகிறது, அட்டையைப் பாருங்கள் என்றார். அந்த மனுஷன் கோபப்படவே இல்லை. "பிழை என்று நான் சொல்லவில்லை. கம்பெனி செய்த திரைக்குத்தான் அங்கீகாரம். இதற்கு என்னால் சான்று தர முடியாது" என்றார். மூன்று பேருடைய புள்ளியும் செல்லாமல் போனது.

அப்பா மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் எவனுக்குத் தெரியும்? ஆனால் அது எங்கள் ஆட்களால் முடியாத காரியம். ஆயுசு முழுக்கச் சீட் அடித்து லொறியில் ஏற்றி அனுப்புகிறவர். அது எங்கே போகிறது, என்னவாகிறது என்று ஒருநாளும் கண்டதில்லை. முதல் தடவையாகத் தன் ரப்பர் ஒரு வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கிறார், அதுவும் மகளுக்காக. எப்படிச் சொல்லாமல் இருப்பார்? இதெல்லாம் இப்போது யோசிக்கிறேன். அன்றைக்கு யோசிக்கவில்லை, அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஒரு வழி மிச்சமிருந்தது. கொழும்பில் சான்று பெற்ற பலகைகள் உள்ள இடத்தில் திரும்பச் சுடலாம் என்றார்கள். அந்த இடம் ஆமி கேம்புக்குள் இருந்தது. எங்கள் மூன்று பேருடைய பெயரையும் அனுமதிக்காகத் துரை அனுப்பினார். சுடுகிற நாள் காலை டவுன் பிள்ளைகள் வேனில் போனார்கள். வழியெல்லாம் செக்பொயின்ட் என்பதால் என் ரைபிளையும் அவர்களுடன் அனுப்பிவிட்டார். நானும் அப்பாவும் பஸ்ஸில் போனோம்.

வாசலில் நின்ற ஆமிக்காரனுக்கு என் வயதுதான் இருக்கும். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான், உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான். "நங்கிகே நம நே" என்றான், தங்கச்சியின் பெயர் இல்லை என்று. மற்ற இரண்டு பெயருக்கும் அனுமதி வந்திருக்கிறது, என்னுடையது விசாரணையில் இருக்கிறதாம். துரைக்கு போன் போட்டோம். அவரும் யார் யாருக்கோ போட்டுப் பார்த்தார். அந்தப் பையன் நல்லவன், நிழலில் நிற்கச் சொன்னான், தண்ணீர்கூடக் கொடுத்தான். உள்ளே விடத்தான் அவனால் முடியவில்லை. என் ரைபிள் உள்ளே இருந்தது. நான் ரோட்டில் நின்றேன். தேர்வு முடிந்து வேன் வெளியே வந்தபோது டவுன் பிள்ளைகள் இறங்கி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இருவரில் ஒருத்திக்கு அணியில் இடம் கிடைத்திருந்தது.

திரும்பும் பஸ்ஸில் வந்து தோட்டத்துச் சந்தியில் இறங்கினோம். கடை வாசலில் எங்கள் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னாச்சு புள்ள, கெலிச்சியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "சுட்டுச்சு. என்ன செய்ய, கை நடுங்கிருச்சு. குறி தப்பிப் போச்சு."

வீட்டுக்குள் வந்ததும் கத்தினேன். "ஏன்ப்பா பொய் சொன்னீங்க? எனக்கா கை நடுங்குச்சு?"

அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். "உள்ள விடலன்னு சொன்னா, ஏன் விடலன்னு கேப்பாங்க. அந்தப் பேச்சு பொலிசு வரைக்கும் போகும். அப்பறம் நீ எங்க போனாலும் அந்தக் கேள்வி பின்னாலயே வரும். கை நடுங்குச்சுன்னா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்கம்மா."

அவர் சொன்னது சரி. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அடுத்த மாதம் நான் ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிற வேலைக்குப் பெயர் கொடுத்தேன். அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன, அவர் சொன்ன பொய் மட்டும் தோட்டத்தில் நன்றாக இருக்கிறது. கல்யாண வீட்டிலோ சாவு வீட்டிலோ யாராவது என்னைக் காட்டிப் புது மருமகளிடம் சொல்வார்கள்: "கொழும்பு வரைக்கும் சுடப் போனவ. பாவம், கை நடுங்கிருச்சு." நானும் சிரித்துத் தலையாட்டுவேன். அன்று நான் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.