குழந்தை சாகாத நாவல்

பெங்களூரில் தமிழ் நாவல் வாங்குவது யோசித்துச் செய்யவேண்டிய காரியம். கடைக்குப் போய்ப் புரட்டிப் பார்த்து எடுக்கிற வசதி எங்களுக்கு அதிகம் இல்லை. சென்னையிலிருந்து கூரியரில் வரவழைத்து, கால்வாசி படித்தபிறகு பிடிக்கவில்லை என்றால் வயிற்றெரிச்சல்தான். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் விமர்சனம் எழுத ஆரம்பித்தேன். பிரேசர் டவுன், அல்சூர், ஜோகுபாளையம் பக்கத்துத் தமிழ் வாசகர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் போடுவேன். நான் இலக்கியம் படித்தவள் அல்ல, ஒரு தனியார் கல்லூரியில் அலுவலக வேலை. நன்றாக இல்லாததை நன்றாக இல்லை என்று எழுதுவேன், கதையின் முடிவை மட்டும் சொல்லமாட்டேன். அதனாலோ என்னவோ குழுவில் என் பேச்சை நம்பினார்கள்.

எங்கள் கட்டடத்தில் எனக்குக் கீழ் வீட்டில் இருந்தவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். பள்ளிக்கூடம் முழுக்க இங்கிலீஷும் கன்னடமும். மாதா கோயிலில் பூசைப் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்தே தமிழ் வாசிக்கக் கற்றுக்கொண்டவள். ஒரு நாவலை முடிக்க அவளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஆனால் விடமாட்டாள், எங்கள் குழுவிலும் இருந்தாள். ஆபீஸ் பஸ்ஸில் உதட்டை அசைத்துக்கொண்டே வாசிப்பாள். "டைம் வேஸ்ட் ஆகாத புக்கா சொல்லுங்கக்கா" என்று என்னிடம்தான் கேட்பாள்.

அவளுடைய ஒரே மகன் நான்காம் வகுப்பில் இருந்தபோது, மழைக்காலத்தில் டெங்கு வந்தது. தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. ரத்தம் வேண்டும் என்று நான் அந்தக் குழுவில் செய்தி போட்டேன். நாவல்களைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள். பையன் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு வெகுநாள் அவள் எதையும் படிக்கவில்லை. படிக்கட்டில் பார்த்தால் தண்ணீர் லாரி வந்ததா என்று கேட்பாள், அவ்வளவுதான். நானும் புத்தகப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த புடவையோடு என் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே கூப்பிட்டேன். உட்காரவில்லை.

"காலைல ஒரு நாவல் பத்திப் போட்டீங்களே அக்கா."

"ஆமா."

"அதுல குழந்தை யாராச்சும் சாகுதா?"

சாகிறது. நாவலின் நடுவில், ஒரு பெண் குழந்தை, காய்ச்சலில். கதையில் நடப்பதைச் சொல்லிவிடக்கூடாது என்பதால் 'ஒரு பெரும் இழப்புக்குப் பின் கதை வேறு உயரத்துக்குப் போகிறது' என்று எழுதியிருந்தேன்.

"ஆமாம்மா" என்றேன்.

"சரி. அப்போ சாகாத ஒண்ணு சொல்லுங்க. திரும்பப் படிச்சா கொஞ்சம் நல்லா இருக்கும்னு தோணுது."

அவள் போனபிறகு அலமாரிக்கு முன்னால் நின்றேன். ஒன்றில் குழந்தை கிணற்றில் விழுகிறது. ஒன்றில் பஞ்சம். ஒன்றில் பிறந்த அன்றே. ஒன்றில் பாம்பு. இதையெல்லாம் படித்தபோது நான் அழுதிருக்கிறேன், அழவைத்ததற்காகவே பாராட்டி எழுதியிருக்கிறேன். ஒரு குழந்தையும் சாகாத நாவல்களும் இருந்தன. அவற்றில் பாதியை நானே குப்பை என்று எழுதியிருந்தேன். கடைசியில் ஒரு ரயில்வே காலனியைப் பற்றிய வேடிக்கையான நாவலை எடுத்தேன். மறுபடி ஒருமுறை வேகமாகப் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். யாரும் சாகவில்லை, ஒரு கிழவரைத் தவிர. கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். முதல் பக்கங்களிலேயே எங்கேயோ அடையாளத்துக்கு பஸ் டிக்கெட் வைத்திருந்தாள்.

"பிடிக்கலயா?"

"நல்லாத்தான் இருக்கு. சிரிச்சேன் கூட. அப்புறம் ஒரு அம்மா வாசல்ல நின்னு பையனை சாப்பிடக் கூப்பிடுறாங்க. அவன் வரேன் வரேன்னு சொல்லிட்டு விளையாடிட்டே இருக்கான். சாகலக்கா. நீங்க சொன்னது சரிதான். என்னால அதுக்கு மேல போக முடியல."

அந்தப் பக்கத்தை நானும்தான் பார்த்திருந்தேன். கண்ணில் படவே இல்லை.

அன்று மாலை, குழந்தைகளே வராத, ஆனால் படிக்கத் தகுந்த நாவல் எதுவும் தெரியுமா என்று குழுவில் கேட்டேன். யாருக்காக என்று சொல்லவில்லை. சொல்வது சரியாகப் படவில்லை. முதலில் சிரிப்புப் பொம்மைகள் வந்தன. ஒருவர் சமையல் புத்தகம் படிக்கச் சொன்னார். பிறகு விவாதம் சூடுபிடித்தது. குழுவில் மூத்தவர் ஒருவர், ரிட்டையர் ஆன ஆசிரியர், நீளமாக எழுதினார். துயரத்தைப் பார்க்கப் பயப்படுகிறவர்களுக்கு நாவல் எதற்கு, வாழ்க்கையைச் சந்திக்கத் துணிவில்லாதவர்கள் சீரியல் பார்க்கட்டும் என்று. நிறைய பேர் அதற்குக் கை தட்டினார்கள்.

அன்று மருத்துவமனையில் ரத்தம் கொடுக்க முதலில் வந்தவர் அவர்தான். அவரை என்ன சொல்ல? அவர் எழுதியதும் பொதுவாகப் பார்த்தால் தப்பில்லை, நானே அப்படிப் பேசியிருப்பேன். 'போதும், நிறுத்துங்கள்' என்று தட்டச்சு செய்தேன். ஏன் என்று கேட்பார்களே என்று அழித்தேன். மறுபடி தட்டச்சு செய்தேன். அதற்குள் அவள் குழுவிலிருந்து விலகிவிட்டாள் என்ற வரி திரையில் வந்தது.

கீழே ஓடினேன். அவள் கணவர் கதவைத் திறந்தார். உள்ளே டிவியில் கன்னடச் செய்தி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

"படுத்திருக்கா அக்கா. தலைவலின்னா. எதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல, சும்மாதான் வந்தேன்" என்றேன். இருவரும் தலையாட்டிக்கொண்டோம்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை கரண்ட் இல்லை. வீட்டுக்குள் புழுக்கம் என்று அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். இறங்கிவந்த நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மடியில் புத்தகம். அட்டையைப் பார்த்தேன். காய்ச்சலில் குழந்தை சாகிற நாவல்.

"ஏம்மா இதைப் போய்..."

"நானே ஆர்டர் பண்ணேன். எப்படியும் எல்லாத்துலயும் வரும் போல இருக்கு. தெரிஞ்சே படிச்சிடலாம்னு."

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்." ஒரு பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். "இங்க குழந்தை போகுது. இதைப் படிச்சிட்டேன், முடிஞ்சுது. அடுத்த பக்கம் பாருங்க. மூணு வருஷம் கழிச்சுன்னு ஆரம்பிக்குது."

"ம்."

"நடுவுல அந்த மூணு வருஷம் எங்கக்கா? அந்த அம்மா காலைல எழுந்து என்ன பண்ணாங்க? யாருக்கு டிபன் செஞ்சாங்க? ஸ்கூல் வேன் ஹாரன் கேட்டா என்ன பண்ணாங்க? அதைத்தான் படிக்கணும்னு நான் வேகமா வேகமா வந்தேன். ஒரு வரி கூட இல்ல."

அந்த இடைவெளியைத்தான் நான் விமர்சனத்தில் 'ஆசிரியரின் அபாரமான கட்டுப்பாடு' என்று பாராட்டியிருந்தேன். அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. நினைவில் இருந்ததா என்றும் தெரியாது.

"வேற எதுலயாவது அது இருக்காக்கா? நீங்க எவ்வளவோ படிச்சிருக்கீங்க."

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். அந்த அலமாரி முழுவதையும் மனதுக்குள் ஒரு சுற்று வந்தேன்.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

அவள் தலையசைத்தாள். கோபமோ ஏமாற்றமோ முகத்தில் தெரியவில்லை. தோளில் கை வைக்கலாமா என்று நினைத்தேன், வைக்கவில்லை. அப்போது கீழேயிருந்து கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒருவர் ஏறிவந்தார்.

"ஸ்வல்ப ஜாக பிடி மேடம்" என்று கன்னடத்தில் வழி கேட்டார். வழிவிடுவதற்காக நான் சுவரோரம் ஒதுங்கினேன். சிலிண்டர் அவள் வீட்டுக்குத்தான். "பன்னி, பன்னி" என்று கன்னடத்தில் அவரை அழைத்துக்கொண்டு, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி உள்ளே போனாள்.

பிறகு அவர்கள் ஒயிட்ஃபீல்டு பக்கம் அவள் ஆபீஸுக்கு அருகில் வீடு பார்த்துப் போய்விட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து வரும், நானும் அனுப்புவேன். புத்தகம் பற்றி அவள் கேட்பதில்லை. குழுவில் இன்னும் எழுதுகிறேன். ஆனால் ஒரு நாவலில் எங்காவது குழந்தை ஒன்று ஓடிவந்தால் அப்படியே நிறுத்திவிட்டுக் கடைசிப் பக்கங்களுக்குப் போகிறேன், அந்தக் குழந்தை அங்கே உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க. இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை யாருக்குச் சொல்வது என்று தெரியவில்லை.